இடது ஓரத்துச் சிப்பி

மிக்கேல் கால்பந்து டீமுக்குக் கோல் காத்த கோலி கிளீட்டஸ் அறுபத்து மூன்று வயதில் படுத்து இருபத்தைந்து வயதில் எழுந்த அந்தப் புதன்கிழமை காலையில் வெள்ளமண்துறையில் யாரும் கூச்சல் போடவில்லை. தன்னைவிடப் பத்து வயது சின்னவனாக முற்றத்தில் நின்று, செத்து முப்பது வருசமான அம்மாவிடம் பல்லுத் தேய்க்க உமிக்கரி கேட்டுக்கொண்டிருந்த தகப்பனைப் பார்த்த மூத்த மகன் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு மிக்கேல் கிளப்பின் செயலாளர் வறுவேலிடம் சொல்ல ஓடினான். வறுவேல் வந்து பார்த்தார். ஆறடி உயரம், தலை நிறைய முடி, முறம் போல இரண்டு உள்ளங்கை. அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி, இவனுடைய பழைய பதிவு எண்ணை மாவட்டச் சங்கம் ரத்து செய்துவிட்டதா இல்லையா என்பதுதான். யாரும் எழுதிக் கேட்காததால் ரத்து செய்யவில்லை என்று பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

எதனால் இப்படி ஆயிற்று என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. ஈஸ்டர் கழிந்து லீக் ஆட்டம் தொடங்கும்வரை தினமும் சாயங்காலம் வலைக்கூடத்தில் ஆண்கள் கூடிப் பதினொன்று வைப்பார்கள். தரை மணலில் கோலி நிற்கிற இடத்திலிருந்து முன்வரிசைவரை பதினொரு சிப்பிகள். ஒவ்வொரு சிப்பியும் அந்த இடத்தில் மிக்கேல் டீமுக்கு ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரன். ஒத்துக்கொள்ளாதவன் காரணம் சொல்ல வேண்டாம், கை தூக்கவும் வேண்டாம், குனிந்து அந்தச் சிப்பியை எடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு அந்த இடம் காலி. நாற்பது வருசமாக ஒரு சிப்பியும் விளக்கு வைக்கும்வரை மணலில் தங்கியதில்லை, ஏனென்றால் வெள்ளமண்துறைக்காரர்கள் கடல் உப்புக் கரிக்கும் என்பதில்கூட ஒத்துப்போகிறவர்கள் இல்லை. இந்த வருசம் மற்றக் கோலிகளுக்காக மல்லுக்கு நின்றவர்களில் பாதிப்பேர் செத்தும் பாதிப்பேர் மகள் வீட்டுக்குப் போயும் விட்டதால், செவ்வாய்க்கிழமை கிளீட்டஸின் சிப்பியை நோக்கி ஒரு கையும் நீளவில்லை. மறுநாள் காலையில் அவன் உமிக்கரி கேட்டான்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ரேஷன் கடை மிஷின் அவனுடைய கட்டைவிரலை ஏற்றுக்கொண்டது, கடைக்காரரும் ஒன்றும் கேட்காமல் அரிசியை அளந்து போட்டார். இருபத்தைந்து வயதுப் பையன் ஐம்பத்தொன்பது வயது ரெத்தினமேரிக்குப் புருசனா இல்லையா என்று பங்குச் சாமியார் ஆயருக்கு எழுதினார், பொறுத்திருக்கவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பேரப்பிள்ளைகள் முதலில் தாத்தா என்றும் பிறகு சித்தப்பா என்றும் கடைசியில் பேர் சொல்லியும் கூப்பிட்டார்கள். கல்யாணப் படத்தை நீட்டியபோது கிளீட்டஸ் அதில் தன்னைப் பார்த்துச் சிரித்தான், பக்கத்தில் நிற்கும் பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றான், பிறகு படத்தைப் பிடித்திருந்த ரெத்தினமேரியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவங்க ஆரு?" என்று மகனிடம் கேட்டான்.

இதைக் கேட்டு உள்ளுக்குள் ஆடிப்போனவள் மெற்றில்டா. வலைக்கூடத்துக்கு நேர் எதிரே சாயாக்கடை வைத்திருப்பவள், யார் கேட்டாலும் இரண்டாவது கரண்டி சீனி போடாதவள் என்று பேர் வாங்கியவள், ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய கணவர் ஜெறோம் ஒரு காலத்தில் மிக்கேல் டீமுக்கு இடது ஓரத்தில் ஓடியவர். பதினொன்றில் வழக்கமாக வைக்கப்படும் ஆட்களில் கிளீட்டஸும் ஜெறோமும் தவிர மற்ற ஒன்பது பேரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். செத்தவர்களையும் விடாமல் சென்டர் பேக்கில் ஒரு சிப்பியை எல்லாரும் ஒருமனதாக விட்டுவைத்து, விடிந்ததும் கல்லறைக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கே காக்கைதான் உட்கார்ந்திருந்தது. ஆகவே இனி மிச்சம் ஜெறோம் ஒருத்தர்தான் என்பது ஊருக்கும் தெரிந்தது, மெற்றில்டாவுக்கும் தெரிந்தது.

"செத்திருந்தா கல்லறைக்குப் பெய் ஒரு மெழுகுதிரியாவது கொளுத்துவேன்," என்றாள் ரெத்தினமேரி, கடை பெஞ்சில் உட்கார்ந்து. "இது சோறு போட்டா, ரொம்ப நன்றி மாமிங்குது. நானும்தானே சொன்னேன் மெற்றில்டா. அன்னைக்குக் குழாயடியில வச்சு, எனக்க ஆளுக்கு மேல ஒரு கோலி உண்டாட்டீன்னு எல்லாருகிட்டயும் பெருமை பேசினேன். அவளுவளும் ஆமான்னாளுவ."

மெற்றில்டா அவளுக்கு ஒரு சாயாவை நீட்டினாள். எதிரே வலைக்கூடத்தில் அன்றைய வழக்கு தொடங்கியிருந்தது.

"இந்த வருசம் முன்னால ஆருலே நிக்கான்?" என்று வறுவேல் கேட்டார். "சுஜின் கேரளாவுக்குப் பெய்ட்டான். அபினேசு நேவி டீமுக்குப் பெய்ட்டான். இன்னொருத்தன் பைக்கில விழுந்து கால ஒடிச்சுக் கிடக்கான். கிளீட்டசு எத்தன பந்தத் தடுத்தாலும், நமக்கு ஒரு கோலு ஆரு அடிக்கது? கடைசி எடத்தில வந்தா மேல் டிவிசனில இருந்து தூக்கிருவான். கிரவுண்டு மேல் டிவிசன் டீமுக்குத்தான், பொறவு நம்ம கிரவுண்டில பக்கத்தூரு காக்கவிளக்காரன் வந்து ஆடுவான், நாம வேலிக்கு வெளிய நிண்ணு பாக்கணும்."

"அதுக்கு?" என்றார் பனியடிமை. எழுபத்தொரு வயது, ஊரிலேயே பெரிய காது, பெரிய பிடிவாதம்.

"அதுக்கு ஜெறோம் வேணும் ஓய்."

"ஜெறோமு நல்ல ஆட்டக்காரன். இல்லன்னு சொல்லல்ல. லாசருக்கு அடுத்தாப்பல," என்று சொல்லி, குனிந்து இடது ஓரத்துச் சிப்பியை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார் பனியடிமை.

லாசர் கடலில் போய்ச் சேர்ந்து இருபது வருசமாகிறது. முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால் மாவட்டக் கோப்பை ஃபைனலில் முதல் பாதி முழுக்க இடது ஓரத்தில் ஓடியவர் அவர். கணுக்கால் புரண்டு அவர் வெளியே வந்தபோது உள்ளே போனவர் இருபத்திரண்டு வயது ஜெறோம். லாசர் போட்ட ஒரு கோலா, ஜெறோம் போட்ட இரண்டா என்கிற வழக்கில் வெள்ளமண்துறையில் மூன்று கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. இப்போது அந்த வழக்கில் லாசர் பக்கம் நிற்கிற கடைசி ஆள் பனியடிமை. மறுநாளிலிருந்து மெற்றில்டா கடையில் முதல் சாயா அவருக்குத்தான் போனது, கேட்காமலே இரண்டு கரண்டி சீனியோடு. சர்க்கரை வியாதிக்காரர் என்று தெரிந்தேதான் போட்டாள். அவர் நாக்கு லாசரை மறந்துவிடக் கூடாது என்கிற ஒரே பயம் அவளுக்கு.

லீக்குக்கு முப்பது நாள் இருந்தது, பிறகு இருபது நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் சிப்பிகளை வைக்கும் சத்தம் கேட்கும்போது அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். "லாசருக்கு அடுத்தாப்பல" என்று கேட்ட பிறகுதான் மூச்சு இறங்கும். வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு பயம் காத்திருந்தது. ஜெறோம் பரணிலிருந்து பழைய பந்தாட்டப் பூட்ஸை இறக்கி, வெடித்துப்போன தோலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு இப்பம் எடுத்திய?" என்று கேட்டாள்.

"சும்மாதான். பூச்சி அரிச்சிருமே."

சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். மாடிப்படி ஏற முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மனுசர், ராத்திரி புரண்டு படுக்கவே முனகுகிற மனுசர், கிளீட்டஸ் கிரவுண்டில் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடிப்பதைத் தினமும் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். ஒரு பந்தை உதைத்துவிட்டு வருகிறேன் என்று ஒருத்தர் கேட்டால் எந்தப் பெண்சாதியும் போய்வாங்க என்றுதான் சொல்லுவாள். ஆனால் போனவர் திரும்பி வந்து இவங்க ஆரு என்று கேட்பார் என்றால் என்ன செய்வாள்? அவளுக்கு அவர்மேல் கோபமாக வந்தது, அந்தக் கோபத்தோடேயே அவர் முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

லீக்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காக்கவிளை டீமோடு ஒரு பழக்க ஆட்டம் நடந்தது. கிளீட்டஸ் பதினேழு பந்தைத் தடுத்தும் ஆறு உள்ளே போனது. மிக்கேல் டீமின் இடது ஓரத்தில் ஓடியவன் பனியடிமையின் பேரன். பந்துக்குமேல் தடுக்கி விழுந்து மூக்கில் மண்ணோடு எழுந்தபோது, காக்கவிளைக்காரர்கள் கைதட்டி ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அன்று சாயங்காலம் வலைக்கூடத்தில் சிப்பிகள் வைக்கப்பட்டன. மெற்றில்டா கொடுத்த சாயா பனியடிமை பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். அந்தக் கை மடியைவிட்டு எழவில்லை.

விடியற்காலையில், கோயில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து அவள் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டாள். போர்வைக்கு வெளியே வழுக்கைத் தலை தெரிந்தது, நெஞ்சில் நரைத்த முடி தெரிந்தது. மாறுவது எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாததால், கண்ணைச் சிமிட்டவே பயந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்தது, மணி அடித்தது, ஜெறோம் அறுபது வயதிலேயே விழித்தார். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவரோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் குழம்பிப்போனது. கணக்கைப் பிடித்தவர் வறுவேல்தான். கிளீட்டஸைப் பற்றிக் குழாயடியில் பெண்களும் ஆமா என்று சொல்லியிருந்தார்கள் என்பது ரெத்தினமேரி அழுதுகொண்டே சொன்ன பேச்சிலிருந்து அவர் காதுக்குப் போயிருந்தது; ஜெறோமுக்குக் குறைந்தது அந்தப் பெண்கள் வாக்குத்தான் என்று அவர் கண்டுபிடித்தார். அந்த மாவட்டக் கோப்பை ஃபைனலை ஆண்கள் வேலிக்குள் நின்று பார்த்தார்கள், பெண்கள் கருவாட்டுக் களத்து மதில்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நாற்பது வருசமாகப் பதினொன்று வைத்த ஊருக்கு மதில்மேல் நின்றவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது கேட்கக் கிளம்பினார்கள். முதல் நாள் மேலத்தெரு, இரண்டாம் நாள் கோயில் தெரு. மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடமும் பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமும் போய், "ஜெறோமுதான் பெரிய ஆட்டக்காரன்னு ஒரு வாக்கு சொல்லு தாயி," என்று செயலாளர் பணிவாகக் கேட்டார், நாற்பத்தாறு பேரும் சொன்னார்கள். ரெத்தினமேரியும் சொன்னாள். தனக்கு மட்டும்தான் இது வரவேண்டுமா என்று நினைத்தாளோ என்னவோ, மெற்றில்டா அதை அவளிடம் கேட்கவும் இல்லை, கடைசிவரை மறக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாயாக்கடைக்கு வந்தார்கள். வறுவேல் ஒரு கை மணலை மேசைமேல் போட்டுத் தட்டி, நடுவில் சிப்பியை வைத்தார். ஜெறோம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மெற்றில்டா, ஊரு ஒக்க, ஆணும் பொண்ணும், சொல்லியாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

"நான் சொல்லல்லன்னா?"

"கிளப்பு போச்சு. நூறு பிள்ளைய பந்து தட்டுது அந்தக் கிரவுண்டில. அதுக்கு மேல ஒனக்கு நான் என்ன சொல்ல."

அவள் ஜெறோமைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதிய?"

அவர் சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ ஓடணும் போல இருக்கு மெற்றில்டா," என்றார். "வலி இல்லாம, ஒரே ஒரு தடவ."

"என்னத் தெரியாதே ஒங்களுக்கு."

"பொறவு தெரிஞ்சுக்கிடுவேன்."

"எனக்கு அம்பத்தெட்டு வயசு."

ஜெறோம் குனிந்து மேசைமேல் கிடந்த மணலைப் பார்த்தார். நின்றவர்களும் மணலையே பார்த்தார்கள். கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தளும்பி அடுப்பில் விழுந்தது, அவள் இறக்கி வைக்கவில்லை.

அந்த ஃபைனல் நடந்த அன்றைக்கு அவள் புத்தன்கரையிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள், இருபது வயது. மதில்மேல் நின்றவளுக்குப் பந்தாட்டத்தில் எது கோல் எது அவுட் என்றுகூடச் சரியாகத் தெரியாது. இடது ஓரத்தில் ஒருத்தன் பந்தைக் கொண்டுபோனான். நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் எங்கேயோ போனார்கள், அவன் மட்டும் போய்க்கொண்டே இருந்தான். அவள் பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவனை இரண்டு வருசம் கழித்து மாதா திருவிழாவில் பக்கத்தில் பார்த்தாள், கட்டிக்கொண்டாள், மூன்று பிள்ளை பெற்றாள், சண்டை போட்டாள். அந்த ஓட்டத்துக்கு மேலே ஒன்று உண்டு என்று ஒரு நிமிசம்கூட அவள் நினைத்ததில்லை.

மெற்றில்டா கையை நீட்டிச் சிப்பியை எடுத்தாள்.

"லாசருதான்," என்றாள். "நானும் கண்ணாலதான் பாத்தேன். இவரு அவருக்கு அடுத்தாப்பலதான்."

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒவ்வொருத்தராக இறங்கிப் போனார்கள். ஜெறோம் மட்டும் பெஞ்சைவிட்டு எழாமல், "நெசமா?" என்று கேட்டார்.

"நெசம்."

"அப்பம் சரி," என்றார். வீட்டுக்குப் போய்ப் பூட்ஸை எடுத்துப் பரணில் வைத்தார்.

அந்த வருசம் மிக்கேல் டீம் கடைசியாக வந்தது, கிரவுண்டு காக்கவிளைக்காரர்கள் கைக்குப் போனது, இரண்டு வருசம் கழித்துத் திரும்பியும் வந்தது. அதுவரை சாயாக்கடைப் பக்கம் ஆட்கள் குறைந்திருந்தார்கள், பிறகு வேறு கடை இல்லாததால் வந்தார்கள். இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது வீட்டுக்குள் இருந்தது. ஜெறோம் வலைக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். இடது காலால் வெட்டித் திரும்புவது எப்படி என்று பிள்ளைகள் கேட்டு வந்தால், "எனக்கு என்ன தெரியும், லாசரு இருந்தா சொல்லித் தருவான்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஒருநாள் கடையில் யாரோ அந்த இரண்டு கோலைப் பற்றி எடுத்தபோது, "விடுவே, வீட்டுக்காரியே சொல்லிட்டா," என்றதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். பொய்தானே சொன்னேன் என்று ஓடிவந்து சொல்ல வாய் திறந்தாள்; சொன்னால் அந்த இடத்திலேயே அவர் போய்விடுவார் என்று மூடிக்கொண்டாள். அதற்குப் பதிலாக மீனில் நல்ல துண்டத்தை அவருக்கு வைத்தாள், சாயாவில் இரண்டாவது கரண்டி சீனி போட்டாள், ராத்திரி தைலம் தேய்த்தாள். அவர் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவரிடமிருந்தே எதை எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, நாலு வருசமும் தினமும் தெரிந்திருந்தது.

நாலாம் வருசம் மழை கழிந்ததும் ஜெறோமுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் மூன்று பேரும் செய்ய வேண்டிய காரியங்களைப் பேசக் கோயில்வரை போயிருந்தார்கள். மெற்றில்டா கட்டிலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவள் ஐந்துவரை எண்ண முடிந்தது, பிறகு எட்டுவரை.

"அன்னைக்கு மதிலில நீயும் நிண்ணயா?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

"நிண்ணேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி," என்றார்.

அவர் போகத்தான் போகிறார். மண்ணுக்குள்ளா, கிரவுண்டுக்கா என்பது மட்டும் அவள் வாயில் இருந்தது. செத்தவர்கள் எழும்புவதில்லை என்பதால் அதிக நேரமும் இல்லை. அவள் குனிந்து, அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதுக்குள் சொன்னாள்.

"நான் சொன்னது பொய். ஒங்களப் போல ஒருத்தன் பெறக்கல்ல. லாசரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. மதிலில நிண்ண அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒங்கள விட மனசில்லாமத்தான் சொன்னேன். பொறுத்துக்கிடுங்க."

ஜெறோம் கண்ணைத் திறந்தார். மங்கிப்போன கண்தான், ஆனால் அவளை நன்றாகப் பார்த்தது, அவள் யார் என்று தெரிந்து பார்த்தது. உதடு கொஞ்சம் கோணியது. நாலு வருசமாக அவள் பார்க்காத சிரிப்பு அது. முழுசாக வருவதற்குள் அவள் பிடித்திருந்த கை சூடேறிக் கெட்டியானது.

இருபத்திரண்டு வயதுப் பையனாக அவன் எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சில் கிடந்த ஜெபமாலையை ஆச்சரியத்தோடு எடுத்துத் தலையணையில் வைத்தான், அவள் பிடியிலிருந்து தன் கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டான், வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கிரவுண்டிலிருந்து விசில் சத்தம் வந்தது.

"இது ஆருக்க வீடு?" என்று கேட்டான்.

"இங்கன உள்ளவங்க வீடுதான்," என்றாள் மெற்றில்டா.

"ஆட்டம் தொடங்கிச்சா?"

"இல்ல. ஓடினா பிடிச்சிரலாம்."

அவன் வாசலுக்குப் போனான், அங்கே நின்று திரும்பினான். "நீங்க ஏன் அழுதிய?"

"ஒண்ணுமில்ல. நீ போ மக்கா. வலப்பக்கமாட்டுத் திரும்பினா கிரவுண்டுதான்."

அவன் இறங்கி ஓடினான். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட கைலி காலில் தட்டியது. மடித்துக் கட்டிக்கொண்டு ஓடு, விழுந்துவிடாதே என்று அவள் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள், அவன் ஓடிக்கொண்டே மடித்துக் கட்டினான்.